அவகாசப் பக்கோடா

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. கரோல்பாக் மெஸ் ஒன்றில் என் எதிரே உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்த பட்டாபியுடையது.

பட்டாபி, பார்லிமெண்ட் செயலகத்தில் ஒரு கமிட்டிக் கிளையின் செக்ஷன் ஆபீசர். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை ஒரு அத்தியாயம் விடாமல் படிப்பவர். அன்று நான் ஒரு தொடருக்கு அத்தியாயம் அனுப்ப முடியாமல், 'இன்னும் ஒரு வாரம் அவகாசம் தேவை' என்று ஆசிரியருக்குத் தந்தி கொடுத்துவிட்டுச் சாப்பிட வந்திருந்தேன். வாய் சும்மா இருக்காமல் அதை அவரிடம் சொன்னேன்.

"ஒரு வாரமா?" பட்டாபி பிசைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஏன் ஓய், கேக்கறதே கேக்கறீர், கொஞ்சம் பெரிசாக் கேக்கப்படாதா? எங்க கமிட்டிகிட்ட வந்து கத்துக்கும். நாங்க வாங்கின அவகாசத்துல ஒரு பையனோட கல்யாணமே தள்ளிண்டு போச்சு தெரியுமோ? அந்த அவகாசத்தையெல்லாம் டைப் அடிச்சவனே அவன்தான்!"

ரசத்தில் தொடங்கினார். மோர் வந்ததும் நிறுத்திவிட்டார். மோர் சாதத்தின்போது பட்டாபி பேசமாட்டார். அது அவர் வீட்டு வழக்கம். கை கழுவியபின் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று துரத்திக்கொண்டே போனேன். "கதை எழுதறவர் நீரா, நானா?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

ஆகவே ரசம் வரைக்கும் பட்டாபி பொறுப்பு. மோருக்குப் பின் நடப்பதற்கு யார் பொறுப்பு என்பதை முடிவில் பார்த்துக்கொள்வோம்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'டெல்லியின் ஜனவரிப் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு சைக்கிள்—'

(வேண்டாம். டெல்லிக் கதை என்றால் குளிரில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டுவைத்திருக்கிறார்கள். இந்தக் கதை போய்ச் சேருவது ஆகஸ்டுப் புழுக்கத்தில்.)

'பிலோமினாவின் கண்கள் குளமாயின. "அந்தோணி, நான் எத்தனை நாள்—"'

(இதுவும் வேண்டாம். பிலோமினா அழுகிற பெண் இல்லை. ஊசி போட்டு மற்றவர்களை அழவைக்கிற பெண்.)

'இந்த மசோதாவை ஆராய்ந்து அறிக்கை அளிப்பதற்கான கால அவகாசத்தை அடுத்த கூட்டத்தொடரின் கடைசி நாள் வரை நீட்டிக்க இந்த அவை இசைகிறது.'

ஆங், இதுதான். வறட்டு வாக்கியம்தான், ஆனால் இதற்குள்ளேதான் ஒரு கல்யாணம் மாட்டிக்கொண்டிருக்கிறது. இதை எழுதியவன் நான் அல்ல. கமிட்டிக் கிளையின் அசிஸ்டெண்ட் அந்தோணி, திருச்சிக்காரன், முனிர்காவில் வாடகை அறை, கழுத்தில் எப்போதும் இஸ்திரி போட்ட காலர். இந்த வாக்கியத்தை அவன் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான்.

(முதல் வரைவில் அவனுக்கு ஜெபராஜ் என்று பெயர் வைத்திருந்தேன். "அது வேதக்கோயில் பெயர் மாதிரின்னா இருக்கு? இவன் மாதா கோயில் பையன்" என்றார் பட்டாபி. புராட்டஸ்டண்ட் பெயரை எடுத்துவிட்டுக் கத்தோலிக்கப் பெயராக மாற்றிவிட்டேன். கோயில் இந்தக் கதையில் முக்கியம்.)

3

மசோதா என்னவென்று சொல்லாமல் நகர முடியாது. சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

ஆலைத் தொழிலாளிக்கு அரசின் மருத்துவக் காப்பீடு உண்டு. காய்ச்சல் வந்தால் மருந்து, கால் உடைந்தால் உதவித்தொகை, பெண்ணாக இருந்தால் பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. ஆனால் சின்னக் கடை, சின்ன ஹோட்டல், நாலு கட்டில் போட்ட நர்ஸிங் ஹோம், இங்கெல்லாம் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் மசோதா. 'ரொம்ப நல்லது' என்று எல்லாக் கட்சியும் மேஜையைத் தட்டின. தட்டிவிட்டு, ஆராய்வதற்கு ஒரு கமிட்டியிடம் கொடுத்துவிட்டன.*

* மசோதாவின் பெயரைக் கேட்காதீர்கள், நூலகத்திலும் தேடாதீர்கள். மசோதாவும் கமிட்டியும் நான் செய்தவை. அப்படியானால் பட்டாபியும் நீ செய்தவர்தானா என்று கேட்டால், எனக்கு மோர் வந்துவிட்டது.

கமிட்டியின் தலைவர் ஜோதிலிங்கம், தமிழ்நாட்டு எம்.பி. நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் கதை சட்டென்று முடிந்திருக்கும். அவர் இத்தனை வருஷ அரசியலில் எதற்கும் தலைவராக இருந்ததில்லை. இப்போது பார்லிமெண்ட் அனெக்ஸ் கட்டிடத்தில் அவர் பெயர் எழுதிய கதவு, அவர் மணி அடித்தால் ஓடிவரும் ஆள், வட்ட மேஜையின் நடுநாற்காலி. அறிக்கை கொடுத்துவிட்டால் மறுநாளே அவர் பின்பெஞ்சு ஜோதிலிங்கம்.

எனவே, ஆழமாக ஆராய்ந்தார். கமிட்டி ஸ்ரீநகர் போய் ஆராய்ந்தது. ஊட்டி போய் ஆராய்ந்தது. சிம்லாவில் ஆப்பிள் பெட்டியோடு ஆராய்ந்தது. கெடு நெருங்கும்போதெல்லாம் கூட்டம் போட்டு, "இன்னும் கொஞ்சம் அவகாசம் கேப்பமா?" என்பார். மேஜையைச் சுற்றி எல்லாத் தலையும் ஆடும். அந்தோணி அடித்துவைத்திருக்கும் தீர்மானம் அவைக்குப் போகும். விவாதமே இல்லாமல் நிறைவேறும்.

நிறைவேறிய அன்று சாயங்காலம் கமிட்டிக் கிளைக்குக் கோல் மார்க்கெட்டிலிருந்து ஒரு கூடை வெங்காயப் பக்கோடா வரும். தலைவர் சொந்தக் காசு. எல்லோருக்கும் உண்டு. பட்டாபிதான் அதற்கு 'அவகாசப் பக்கோடா' என்று பெயர் வைத்தவர். கிளைக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

அதாவது, தெரிந்திருக்கக் கூடாது.

4

"மாப்ள வந்துட்டாரு. என்ன பிள்ள, இந்த மட்டமும் அவகாசம்தானா?"

கேட்டது பிலோமினாவின் அம்மா இருதயம்மாள், தூத்துக்குடி. ஜங்புராவில் தாயும் மகளும் குடியிருந்த ஒற்றை அறையின் வாசலில் உட்கார்ந்து பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தோணி பதில் சொல்லாமல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். கைக்குட்டையில் எண்ணெய்க் கறை.

"பாத்தியாளா பிலோமி! தின்னுட்டுத்தான் வந்திருக்காரு."

பிலோமினா உள்ளிருந்து நர்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தாள். பக்கத்துத் தெருவில் இருந்த சின்ன நர்ஸிங் ஹோமில் அவள்தான் மூத்த நர்ஸ்.

"எத்தனை சாப்பிட்டீங்க?"

"ரெண்டு… எல்லாரும் எடுத்தாங்க. நான் மட்டும் எடுக்காட்டா ஏன்னு கேப்பாங்க."

"உங்க கல்யாணத்தைத் தள்ளி வச்சதுக்கு நீங்களே பக்கோடா தின்னுட்டு வர்றீங்க. அச்சா. நல்லா இருங்க."

ஏன் தள்ளிப்போகிறது? அதையும் அவள் வாயாலேயே கேட்டுவிடுங்கள்.

"எங்க டாக்டர் சாஹிப் தங்கமான ஆளுதான். ஆனா கல்யாணமான நர்ஸுக்கு வயிறு தெரிஞ்சா, 'வீட்ல ரெஸ்ட் எடும்மா'ம்பாரு. ரெஸ்ட் முடிஞ்சு போனா அந்த இடத்துல வேற பொண்ணு இருக்கும். பாப்பம்மா கதை தெரியுமில்ல?"

தெரியும். பாப்பம்மாள் அங்கே ஆயா. பாராபுல்லா சாக்கடை ஓரத்துத் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்பிலிருந்து வருகிறவள். வலி எடுக்கும் வரைக்கும் தரை துடைத்தாள். குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுமுன் திரும்பிவந்து பெட்பான் கழுவினாள். "இல்லாட்டி என் வாளியை இன்னொருத்தி தூக்கிடுவாளே" என்று அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"இருபது ஆஸ்பத்திரி வாசல் ஏறி இறங்கி, அம்மாவையும் கூட்டிட்டு வந்து, இந்த ஊர்ல நான் ஒரு வேலையைப் பிடிச்சிருக்கேன். பிள்ளைக்காக அதை விடமாட்டேன், வேலைக்காகப் பிள்ளையையும் விடமாட்டேன். அந்த மசோதா வரட்டும். மறுநாளே கோயிலுக்கு வர்றேன். நீங்கதான் அந்தக் கமிட்டில இருக்கீங்களே, ஜல்தியா முடிச்சுட்டு வாங்க."

மார்க்கெட்டுக்குப் போய் கொத்தமல்லி வாங்கிவா என்பதுபோலச் சொன்னாள். 'ரெண்டு சபையும் ஜனாதிபதியும்' என்று அந்தோணி இழுத்தான். அவள் ஒரு சலுகை தந்தாள்: "சரி, ஒரு சபை தலையாட்டினா போதும். மத்ததுக்கு நான் ஜெபமாலை சொல்லிக்கிறேன்."

5

(இந்த இடத்தில் அந்தோணி மேல் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. என்ன ஆள் இவன்? தன் கல்யாணத்தைத் தள்ளிவைக்கிற தாளைத் தானே டைப் அடிக்கிறான். அடிக்கமாட்டேன் என்று ஒருநாள் எழுந்து நின்றால் என்ன? அப்படி ஒரு காட்சி எழுதினேன். 'அந்தோணி நாற்காலியை உதைத்துத் தள்ளினான். "முடியாது சார்!" அவன் கண்கள் நெருப்பை—' கோடு போட்டு அடித்துவிட்டேன். அந்தோணி நாற்காலியை உதைக்கமாட்டான். அவன் உதைத்தால் பக்கத்து மேஜைக்காரர் அதே வாக்கியத்தை, இரண்டு பிழையோடு, அடித்துக்கொடுப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.)

அவன் செய்தது வேறு. ஒவ்வொரு கெடுவையும் நம்பினான்.

கத்தோலிக்கர்களுக்குக் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம்புரிய இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பார்கள். முதல் கெடு மழைக்காலக் கூட்டத்தொடரின் முடிவு. அந்தோணி நம்பி ஓலை வாசிக்க வைத்தான். அவகாசம் வந்தது. அடுத்த கெடு டிசம்பர். அது திருவருகைக் காலம், கோயிலில் கல்யாணம் செய்துவைக்கமாட்டார்கள். அதற்கடுத்தது பட்ஜெட் தொடரின் தொடக்கம். அது தவக்காலம், அப்போதும் கிடையாது. அப்புறம் மே. வாசித்த ஓலைக்கு வயசாகிவிட்டது என்று முதலிலிருந்து மறுபடி மூன்று ஞாயிறு வாசித்தார்கள். மறுபடி அவகாசம், மறுபடி பக்கோடா.

கோயிலில் அந்தப் பெயர்கள் பாட்டுப்போலப் பழகிவிட்டன. சாமியார் "திருச்சிராப்பள்ளி…" என்று தொடங்கினாலே பின்வரிசைப் பிள்ளைகள் மீதியை முணுமுணுத்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால், "என்ன அந்தோணி, அடுத்த சீசனுக்கும் டிக்கெட் வாங்கியாச்சா?" என்று கேலி.

ஒருநாள் சாமியார் பொறுமையாகக் கேட்டார்: "தம்பி, தேதியைச் சொல்லு. எழுதிக்கிறேன்."

அந்தோணி யோசிக்காமல் சொன்னான்: "வரும் கூட்டத்தொடரின் கடைசி நாள் வரை, சாமி."

சாமியார் பேனாவை மூடிவைத்துவிட்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "கல்யாணத்தையுமா கமிட்டிக்கு அனுப்பிட்ட?"

அந்தோணியும் சிரித்தான். ஆனால் முனிர்காவுக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவனுக்குள் ஏதோ சுருக்கென்றது. அவகாசம் என்பது காகிதத்தில் ஒரு வரி. பிலோமினாவுக்கு அது ஏறுகிற வயசு. அவள் அதைப்பற்றிப் பேசுவதே இல்லை என்பதுதான் அவனுக்கு அதிகம் உறுத்தியது.

6

இப்போது நான் சந்தோஷமாக எழுதப்போகும் இடம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்கிறேன், நீங்களும் இழுத்துக்கொள்ளுங்கள்.

மலைகள் எல்லாம் தீர்ந்துபோய்க் கோவா மட்டும் பாக்கி இருந்த நேரம். 'இந்தக் கமிட்டி எப்போது கீழே இறங்கும்?' என்று ஒரு பத்திரிகை கார்ட்டூன் போட்டுவிட்டது. ஜோதிலிங்கத்துக்குச் சுருக்கென்று பட்டது. "யோவ் பட்டாபி, டெல்லியிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி பாருய்யா. போய்ப் பாத்துட்டு வந்துருவோம். அப்புறம் கோவா போனா யாரும் கேக்கமாட்டான்."

பட்டாபி, அந்தோணியைக் கேட்டார். அந்தோணி ஜங்புராவில் ஒரு நர்ஸிங் ஹோம் பெயரைச் சொன்னான். ஏன் அதைச் சொன்னான் என்று பட்டாபி கேட்கவில்லை. (நீங்களும் கேட்கவில்லை. நன்றி.)

எம்.பி.க்கள் மூன்று காரில் வந்து இறங்கினார்கள். டாக்டர் சாஹிப் வாசலில் சாமந்தி மாலையோடு நின்றார். எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். இங்கே எல்லோரும் ஒரே குடும்பம், யாருக்கும் ஒரு குறையும் இல்லை, பாருங்கள் எப்படிச் சிரிக்கிறார்கள். பாப்பம்மாள் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் எப்போதும் சிரிப்பவள்.

படி ஏறிய ஜோதிலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. "வந்ததே வந்தோம், நம்ம பிரஷரையும் பாத்துருவமே" என்று முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். பிலோமினா பட்டையைச் சுற்றிக் காற்றை அடித்தாள். பாதரசம் ஏறியது. அவள் புருவமும் ஏறியது.

"தமிழாம்மா? எவ்வளவு இருக்கு?"

"சொன்னா இன்னும் ஏறும்யா. உப்பைக் குறைங்க. ஊறுகா வேண்டாம், அப்பளம் வேண்டாம். பக்கோடா வேண்டவே வேண்டாம். அதுலயும் அந்த அவகாசப் பக்கோடா கூடவே கூடாது."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஜோதிலிங்கம் மெல்லத் திரும்பி பட்டாபியைப் பார்த்தார். பட்டாபி மெல்லத் திரும்பி அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா சொன்ன? என்ன பக்கோடா?"

இனி மறைத்து என்ன? பிலோமினா பட்டையை அவிழ்க்காமலே சொன்னாள்.

"நீங்க ஒவ்வொரு தடவை கெடுவை நீட்டும்போதும் வாங்கித் தர்ற பக்கோடாய்யா. இவருதான் அந்தத் தீர்மானத்தை அடிக்கிறவரு. இவரைத்தான் நான் கட்டிக்கப்போறேன். உங்க மசோதா வந்தாத்தான் கட்டிக்குவேன்னு சொல்லியிருக்கேன். ரெண்டு சுத்து ஓலை வாசிச்சாச்சு. கோயில்ல சின்னப் பிள்ளைங்களுக்குக்கூட எங்க பேரு மனப்பாடம்."

"அதுக்கும் மசோதாவுக்கும் என்னம்மா?"

"பாப்பம்மா, நீ சொல்லு."

பாப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னா சொல்றது? பெத்தேன். கொயந்தைய எங்க மாமியார்கிட்ட போட்டுட்டு வந்து பெட்பான் கயுவினேன். பால் கட்டிக்கினு மார் கல்லாட்டம் ஆயிடுச்சு. தோ, இந்தம்மாதான் ஒத்தடம் கொடுத்துச்சு. அவ்ளோதான் சார்."

கூட வந்த வடக்கத்தி எம்.பி. ஒருவர், "க்யா போலீ?" என்று அவள் சொன்னதற்குப் பட்டாபியிடம் அர்த்தம் கேட்டார். பட்டாபி பாப்பம்மாள் கதையையும் கல்யாணக் கதையையும் ஹிந்தியில் சொன்னார்.

டாக்டர் சாஹிபுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கல்யாணத்துக்கான 'ஷாதி' என்ற வார்த்தை பட்டாபியின் ஹிந்தியில் வந்துவிட்டது. "ஷாதியா? சிஸ்டர், நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லையே" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். அந்தச் சிரிப்பை பிலோமினா முன்பே பார்த்திருக்கிறாள். 'வீட்ல ரெஸ்ட் எடும்மா' என்கிற அதே சிரிப்பு. அந்தோணிக்கும் புரிந்தது. இதுவரை காத்திருக்கவாவது முடிந்தது. இனி அதுவும் முடியாது.

ஜோதிலிங்கத்தின் வயிறுதான் முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு நாற்காலி. "ஏய்யா அந்தோணி! உன் கல்யாணத்தை நான் நிறுத்துவேன், நீ அதுக்குத் தாள் அடிப்பே, அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பக்கோடா தின்போமா?" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பாதரசம் இன்னும் ஏறியது. "ஐயா, சிரிக்காதீங்க, மேல போகுது!" என்று பிலோமினா அதட்டினாள்.

எழுந்து நின்றபோது அவர் சிரிக்கவில்லை.

"இந்தத் தொடர்லயே அம்மா. நீ ஓலையை வாசிக்கச் சொல்லு. பந்தியில எனக்குப் பக்கோடா உண்டா?"

"உப்பு குறைச்சுத்தான் உண்டு."

7

அடுத்த கூட்டத்தில் 'கால அவகாசம்' என்ற விஷயம் வந்ததும் வழக்கம்போல எல்லாத் தலையும் ஆடத் தயாராக இருந்தது. அந்தோணி பழக்க தோஷத்தில் தீர்மானத்தை அடித்தே வைத்திருந்தான்.

"அதைக் கிழிச்சுப் போடுய்யா" என்றார் ஜோதிலிங்கம்.

"கோவா?" என்றார் ஒரு உறுப்பினர், மெலிந்த குரலில்.

"கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்க. அதுதான் நம்ம கடைசி ஆய்வுப் பயணம்."

அறிக்கை கொடுக்கப்பட்டது. மந்திரியை அவர் வராந்தா வராந்தாவாகத் துரத்தியதில் மசோதா பட்டியலில் ஏறியது, தொடரின் கடைசி நாளில், பட்டியலின் கடைசியில். மூன்றாம் சுற்று ஓலையின் மூன்றாம் வாசிப்பும் முடிந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் கைதட்டினார்கள்; சாமியார் தடுக்கவில்லை. கல்யாணம் சனிக்கிழமை. அவையின் கடைசி நாள் அதற்கு இரண்டு நாள் முன்னால்.

இங்கே, ஒழுங்கான எழுத்தாளனாக இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: அன்று அந்தோணி கோயிலுக்கு ஓலையும் அடித்தான், அவைக்குக் குறிப்பும் அடித்தான். இரண்டும் மாறிப்போய், ஜோதிலிங்கம் அவையில் எழுந்து, 'தூத்துக்குடி இருதயம்மாள் மகள் பிலோமினாவை மணம்புரிய இருப்பதால், தடை ஏதும் தெரிந்தவர்கள்—' என்று படிக்க, எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்கிறது. (எழுதும்போது நானே சிரித்தேன். ஆனால் அந்தோணி தாள்களை மாற்றிவைக்கிறவன் அல்ல. அவனை விற்றுச் சிரிப்பு வாங்க மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: மசோதா வந்தாலும் வராவிட்டாலும் காதலே பெரிது என்று பிலோமினா உணர்ந்து, அவன் தோளில் சாய்ந்து, "வேலை கிடக்கட்டும் அத்தான்—" (பத்திரிகை ஆசிரியர் இதைத்தான் கேட்பார். எழுதினேன். எழுதிய தாளிலிருந்தே பிலோமினா என்னைப் பார்த்தாள். "உங்க வேலையை யாராவது 'கிடக்கட்டும்'னு சொன்னா விட்டுருவீங்களா சார்?" தாளை மடித்து மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது மேஜை ஆடுவதில்லை.)

ஆகவே, நடந்ததை நடந்தபடி.

8

ஆகஸ்டு. காலையிலிருந்து மழை பெய்து, விட்டு, வெளியே நாவல்மரத்தடியெல்லாம் ஊதாவாகக் கிடக்கிறது. உள்ளே பார்வையாளர் காலரியில் பிலோமினா, சிவப்புக் கரைச் சேலையில். பக்கத்தில் இருதயம்மாள். பையை வாசலில் வாங்கிவைத்துக்கொண்டார்கள். ஜெபமாலையை மட்டும் முந்தானைக்குள் சுற்றி உள்ளே கொண்டுவந்துவிட்டாள். காலரியில் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, கால் மேல் கால் போடக்கூடாது என்று காவல்காரம்மா வந்து வந்து சொல்லிவிட்டுப் போகிறாள்.

கீழே அதிகாரிகளுக்கான மூலையில் அந்தோணி. அவன் பக்கத்தில் பட்டாபி.

வேறு ஏதோ ஒரு விவகாரத்தில் சத்தம் போட்டுச் சாயங்காலம் முழுவதையும் தின்றுவிட்டார்கள். அவை கலையும் நேரம் வந்துவிட்டது. மசோதா இன்னும் எடுக்கப்படவில்லை. உறுப்பினர்கள் கைப்பெட்டியை மூடுகிற 'க்ளிக்' 'க்ளிக்' சத்தம் அந்தோணிக்குக் கேட்கிறது. கலைந்தால் அடுத்த தொடர். அடுத்த தொடர் என்றால் டிசம்பர், திருவருகைக் காலம். அதற்குள் டாக்டர் சாஹிபின் அந்தச் சிரிப்பு.

மதராசி கேம்பில் பாப்பம்மாள் கல்யாணப் பந்திக்குப் பெரிய அண்டாவுக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். கோல் மார்க்கெட் கடைக்காரனிடம் பக்கோடாவுக்கு உப்பு குறைக்கச் சொல்லியாகிவிட்டது. அவன் இதைக் கேவலம் என்று நினைத்தாலும் ஒப்புக்கொண்டுவிட்டான்.

அவையை நடத்துகிறவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மைக்கை இழுக்கிறார்.

"நேரம் முடிந்துவிட்டது. பட்டியலில் இன்னும் ஒரு மசோதா இருக்கிறது. அது முடியும் வரை அவையின் நேரத்தை நீட்டிக்க அவைக்குச் சம்மதமா?"

அந்தோணி நிமிர்ந்து உட்காருகிறான். இந்த 'நீட்டிக்க' என்ற வார்த்தையை எத்தனை தடவை அடித்திருப்பான்! ஒரு தடவைகூட, கடவுளே, இது நிறைவேறட்டும் என்று அவன் நினைத்ததில்லை. பட்டாபி அவன் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார். "பாத்தியா? இன்னிக்குன்னு நமக்கு அவகாசம் வேணும்" என்று கிசுகிசுக்கிறார்.

"ரயிலுக்கு நேரமாகிவிட்டது" என்று எங்கேயோ ஒரு குரல். பின்பெஞ்சில் ஜோதிலிங்கம் எழுந்து, சுற்றிலும் பார்த்துக் கையை ஆட்டுகிறார். மேலே பிலோமினா, கீழே நடப்பதை அம்மா காதில் தமிழில் சொல்லி முடிக்கிறாள். முடித்த மறுநொடி—

"நீட்டுங்கய்யா!"

இருதயம்மாள்தான். ஜெபமாலையோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். காவல்காரம்மா ஓடிவருகிறாள். அவை முழுக்க அண்ணாந்து பார்க்கிறது. கைப்பெட்டிகள் அப்படியே நிற்கின்றன.

அவையை நடத்துகிறவர் சிரிப்பைக் கடித்துக்கொண்டு, "காலரியிலிருந்து வந்தது கணக்கில் சேராது" என்கிறார். "மறுபடி கேட்கிறேன். நேரத்தை நீட்டலாம் என்பவர்கள் 'ஆம்' சொல்லலாம்."

இங்கேதான் பட்டாபிக்கு மோர் வந்தது.

அந்தோணி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். பிலோமினா மூடவில்லை. அவள் நேராக இந்தப் பக்கம்தான் பார்க்கிறாள். எனக்கு அந்த அவையில் ஓட்டுக் கிடையாது. உங்களுக்கு இருக்கிறது, இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்களே, அது போதும். பெட்டியை மூடிக்கொண்டு ரயிலுக்கு ஓடலாம். இல்லையென்றால் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லலாம்.

கேட்கிறார், பாருங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், மேலே காலரி வரைக்கும் கேட்க வேண்டும்.